விசிறியைத் தொடாதீர்கள்

மறுபடியும் ஒரு வீடியோ. பயிற்சி விமானம் ஒன்று வயலில் இறங்கி, சக்கரம் சேற்றில் புதைந்து நிற்கிறது. மாணவரும் பயிற்சியாளரும் வெளியே வந்துவிட்டார்கள், நல்லது. அப்புறம் ஒரு பையன் முன்னால் போய் மூக்கில் இருக்கும் விசிறியை, அதாவது புரொப்பல்லரை, கையால் சுற்றிப் பார்க்கிறான். பக்கத்தில் இன்னொருவன் செல்ஃபி எடுக்கிறான். விமானப் பராமரிப்பில் இருபது வருடம் இருந்தவன் நான், வயிறு கலங்கிவிட்டது.

கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் சொன்னால், "ஏனுங் சார், சாவியத்தான் எடுத்துட்டாங்கல்ல? இனி என்னங்க ஆகப்போகுது?" என்கிறார் மாஸ்டர். எனக்கு எரிச்சலே இந்த நினைப்பின் மேல்தான்.

செஸ்னா 172 போன்ற சின்னப் பயிற்சி விமானங்களில் இன்ஜினுக்குத் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. அதற்கு பேட்டரி வேண்டாம், சுற்றினால் போதும். பேட்டரி இல்லாமல் மிதித்தே கிளப்பிய பழைய மொபெட் ஞாபகம் இருக்கிறதா? அதே சங்கதி. சாவியைத் திருப்பி அணைத்தால் ஒரு ஒயர் வழியாக அந்த மின்சாரம் எர்த் ஆகிறது, பொறி வராது, அவ்வளவுதான். மோதலில் அந்த ஒயர் அறுந்திருந்தால், சாவி உங்கள் சட்டைப்பையில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். மெதுவாகச் சுற்றினாலும் பொறி வரட்டும் என்று உள்ளே ஒரு ஸ்பிரிங்கே வைத்திருக்கிறார்கள். சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருந்தால் விசிறி ஒரே வெட்டு வெட்டும். ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நிற்கும் விமானத்தின் விசிறிக்கு முன்னால்கூட நாங்கள் ஒதுங்கித்தான் நடப்போம்.

ஆமாம், பெட்ரோல்தான். ஜெட் விமானத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் வகை அல்ல. 172-இன் இரண்டு இறக்கைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். இறக்கையிலிருந்து நீலமாக ஏதாவது சொட்டினால் அது தண்ணீர் இல்லை. பீடியை அணையுங்கள், பைக்கைத் தூரத்திலேயே நிறுத்துங்கள்.

உள்ளே ஆள் சிக்கியிருந்தால் 112-க்குச் சொல்லிவிட்டு இறக்கைக்குப் பின்பக்கமாகப் போங்கள். தீ இல்லையென்றால் கழுத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். தீ பிடித்தால் யோசிக்காமல் இழுத்து வெளியே போடுங்கள்.

பேப்பரில் உடனே 'கறுப்புப் பெட்டி' என்று எழுதுவார்கள். இந்தச் சின்ன விமானங்கள் பலவற்றில் அது கிடையாது. எந்த லீவர் எந்த நிலையில் நின்றது, எந்தத் துண்டு எங்கே விழுந்தது என்பதை வைத்துத்தான் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகத்தார் காரணம் தேட வேண்டும். ஆளைக் காப்பாற்றும்போது எதையாவது நகர்த்தினால் மறைக்காமல் சொல்லுங்கள். ஞாபகத்துக்கு என்று தகரத் துண்டு ஏதாவது வீட்டுக்குப் போயிருந்தால் தயவுசெய்து போலீஸிடம் கொடுத்துவிடுங்கள்.