வெளிநாட்டில் வாங்கிய மோட்டார்ஹோமை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு வரி, யாருக்கு விலக்கு?

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஐரோப்பாவில் ஒரு மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கி வாழ வசதியுள்ள வண்டி) வாங்கி, ஒன்றிரண்டு வருடம் ஆசை தீரச் சுற்றிவிட்டு வண்டியோடு ஊர் திரும்பலாம் என்று பிரிட்டனில் பலர் கணக்குப் போடுகிறார்கள். கணக்கில் டீசல் இருக்கும், கேம்பிங் வாடகை இருக்கும், சாலைகளில் கட்டும் டோல் கட்டணம் இருக்கும். திரும்பி வந்து இறங்கும்போது கட்ட வேண்டிய வரி மட்டும் இருக்காது. "ஒரு வருஷத்துக்கு மேல வெளியே இருந்தா வரியே கிடையாது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மை, மீதிப் பாதிதான் பர்ஸைப் பதம் பார்க்கும்.

முதலில் சுலபமான வழக்கைப் பார்த்துவிடுவோம். பிரிட்டனிலேயே வரி கட்டி வாங்கிய சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு போய், 3 வருடத்துக்குள் நீங்களே திரும்பக் கொண்டுவந்தால் சுங்க வரியும் இல்லை, வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியும் இல்லை. திரும்பிவரும் பொருளுக்கான சலுகை அது. வழியில் டயர், பிரேக் மாற்றியதெல்லாம் சாதாரணப் பராமரிப்பு. ஆனால் வெளிநாட்டில் வைத்து வண்டியின் மதிப்பையே கூட்டும் அளவுக்கு வேலை செய்தால் சிக்கல். சுங்கம் 3 வருடம் தந்தாலும் வாகனப் பதிவைப் பார்க்கும் டிவிஎல்ஏ 12 மாதம்தான் தருகிறது. அதற்கு மேல் வெளியே இருக்கும் வண்டியை நிரந்தரமாக வெளியேறியதாக அறிவிக்க வேண்டும். வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்தர எம்ஓடி பரிசோதனையையும் வெளிநாட்டில் செய்ய முடியாது, எனவே 3 வயதைத் தாண்டிய வண்டி என்றால் வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போகும் செலவு நிச்சயம். போதாக்குறைக்கு, ஐரோப்பிய ஒன்றியமும் வெளிநாட்டுப் பதிவுள்ள சுற்றுலா வண்டியை 12 மாதத்தில் 6 மாதம்தான் தற்காலிகமாக வைத்திருக்க விடும்.

சரி, வண்டியை அங்கேயே வாங்கியிருந்தால்? இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கான விதியைச் சொல்கிறேன். வட அயர்லாந்துக்கு வேறு ஏற்பாடு. சுங்க வரி 10%. வண்டி மதிப்பையும் போக்குவரத்துச் செலவையும் அந்தச் சுங்க வரியையும் கூட்டி, அதன்மேல் 20% வாட். எல்லாம் சேர்த்து 40,000 பவுண்டு மதிப்பு என்று வையுங்கள்: சுங்கம் 4,000, வாட் 44,000-த்தின் மேல் 8,800, ஆக 12,800 பவுண்டு. வண்டி ஐரோப்பிய ஒன்றியத்தில் தயாரானதுதான் என்று முறையான மூலச் சான்று இருந்தால் அந்த 4,000 போய் வாட் மட்டும் 8,000 வரும். பழைய வண்டிக்கு அந்தச் சான்றை வாங்குவது லேசில்லை. விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள், பணம் கைமாறிய பிறகு கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஜெர்மனியில் டீலரிடம் புதுவண்டி வாங்கினால் அங்கே 19% வரி கட்டியிருப்பீர்கள். வாங்கியதும் நேராக ஏற்றுமதி செய்து சான்று காட்டினால் அதைத் திரும்பப் பெற வழி உண்டு. ஒரு வருடம் ஐரோப்பாவில் ஓட்டிவிட்டுக் கேட்டால் கிடைக்காது. நீண்ட பயணம் போகிறவர் இரண்டு நாட்டுக்கும் வரி கட்டும் நிலை இப்படித்தான் வருகிறது.

இதிலிருந்து காப்பாற்றக்கூடியது குடிபெயர்வுச் சலுகை ஒன்றுதான். பிரிட்டனுக்கு வெளியே தொடர்ந்து குறைந்தது 12 மாதம் குடியிருந்திருக்க வேண்டும். வண்டி திரும்புவதற்கு முன்பு குறைந்தது 6 மாதம் உங்கள் கையில் இருந்து நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். வரி விலக்கில் வாங்கிய வண்டியாக இருக்கக் கூடாது. கொண்டுவந்த பிறகு 12 மாதத்துக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ அடகு வைக்கவோ கூடாது, இரவல்கூடக் கொடுக்கக் கூடாது. இவ்வளவும் இருந்தால் சுங்கமும் வாட்டும் பூஜ்யம்.

பலர் சறுக்குவது "குடியிருந்திருக்க வேண்டும்" என்பதில்தான். வரித்துறையான எச்எம்ஆர்சி பார்ப்பது நீங்கள் எத்தனை நாடு சுற்றினீர்கள் என்பதை இல்லை, உங்கள் வழக்கமான இருப்பிடம் எங்கே என்பதைத்தான். மனைவி மக்கள், வேலை, வீடு, வங்கி எல்லாம் பிரிட்டனில் இருக்க, நீங்கள் மட்டும் 14 மாதம் ஊர் ஊராக நிறுத்தித் தூங்கியிருந்தால் அது பயணம், குடிபெயர்வு இல்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, குடியிருப்பு அட்டை, அங்கே வரி கட்டிய தாள் மாதிரி ஏதாவது வேண்டும். அதிலும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர் விசா இல்லாமல் ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். குரோஷியா 2023-லும், பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுதாகவும் உள்ளே வந்துவிட்டதால், 90 நாள் முடிந்ததும் ஒதுங்கிப் போகும் இடங்கள் அல்பேனியா, செர்பியா, மொராக்கோ, துருக்கி என்று சுருங்கிவிட்டன. 2025 அக்டோபரில் கைரேகைப் பதிவோடு தொடங்கிய புது எல்லை முறை வந்த பிறகு முத்திரையைக் கண்டுகொள்ளாத அதிகாரி என்ற அதிர்ஷ்டமும் போயிற்று. இப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லை தாண்டி ஓடுகிறவர் எந்த நாட்டில் குடியிருந்தார் என்று காட்டுவார்? என் கருத்து: போர்ச்சுகலிலோ ஸ்பெயினிலோ முறையாகக் குடியிருப்பு அனுமதி வாங்கி வாழப்போகிறவர் மட்டும் இந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்கலாம். மற்றவர்கள் வரிப்பணத்தை வண்டி விலையோடு சேர்த்துத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, மீதியில் எத்தனை மாதம் ஓட்டலாம் என்று பார்ப்பதே நல்லது.

சலுகைக்குத் தகுதி இருந்தால் வண்டி கிளம்பும் முன்பே ஆன்லைனில் விண்ணப்பித்து அனுமதி எண் வாங்கிவிடுங்கள். வந்து இறங்கிய 14 நாளுக்குள் நோவா எனும் முறையில் வண்டி வரவை அறிவிக்க வேண்டும். வரி விலக்குப் பெற்றவருக்கும் இது உண்டு. இது முடியாமல் டிவிஎல்ஏ பதிவு செய்யாது.

அப்புறம் வண்டியில் செய்ய வேண்டிய மாற்றங்கள். இடது ஸ்டீயரிங்கோடு பதிவு செய்யத் தடை இல்லை. ஆனால் வலப்பக்கச் சாலைக்கான ஹெட்லைட், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும் என்பதால் மாற்ற வேண்டும். தற்காலிக ஸ்டிக்கர் செல்லாது. ஸ்பீடோமீட்டர் மைலில் காட்ட வேண்டும். பின்பக்கப் பனிமூட்ட விளக்கு நடுவிலோ வலப்பக்கமோ இருக்க வேண்டும். ஐரோப்பிய வண்டியில் ஒன்றுதான் இருந்தால் அது பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். பின் பம்பருக்குள் ஒயர் இழுத்து வலப்பக்கம் விளக்கு ஏற்றுவது எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் பழகிய வேலைதான். வீட்டுப் பகுதிக்குள் ஏறும் கதவு வலப்பக்கம் இருப்பதால் பிரிட்டனில் ஓரமாக நிறுத்தினால் அது நடைபாதைப் பக்கம் திறக்காது, போக்குவரத்துப் பக்கம் திறக்கும். சட்டம் இதைக் கேட்பதில்லை, ஆனால் குழந்தைகள் இருந்தால் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டியது.

பதிவு முடியும்வரை வண்டியை பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. முன்பே நேரம் குறித்த பரிசோதனைக்கு, காப்பீட்டோடு ஓட்டிப் போவது மட்டும் விலக்கு. நம்பர் பலகை வருவதற்கு முன் சேஸிஸ் எண்ணை வைத்துக் காப்பீடு தரும் நிறுவனத்தைக் கிளம்பும் முன்பே தேடி வையுங்கள். ஜெர்மனியின் ஏற்றுமதி நம்பர் பலகையில் சிவப்புப் பட்டையில் முடியும் தேதி அச்சாகியிருக்கும், அதோடு வரும் காப்பீடும் அன்றோடு முடிந்துவிடும்.