தடவினால் வழவழப்பு, வெளிச்சத்தில் மேடுபள்ளம்

“பெயின்ற் அடிச்சதும் மேடுபள்ளம் எல்லாம் மறைஞ்சிடும்தானே அண்ணா?” கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் சின்னப் பட்டறைக்கு, மரத்தில் செய்த மாதிரி வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற தம்பிமார் முதலில் கேட்பது இதைத்தான். மறையாது. பளபளக்கும் பூச்சு, கைக்குத் தட்டுப்படாத பள்ளத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால் பூச்சுக்கு முன்பே பள்ளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் வள்ளத்தின் உடல் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிடுவேன். பழைய இறப்பர் செருப்பில் வெட்டிய துண்டில் 120ஆம் இலக்க சாண்ட்பேப்பரைச் சுற்றித் தேய்த்தால், அது வளைவுக்கேற்ப வளையும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுத்தும் இடமெல்லாம் குழி விழும். மேட்டில் கிறுக்கல் அழிந்துவிடும், பள்ளத்தில் அப்படியே நிற்கும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ரோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மிச்சமிருப்பதும் நிழலாகத் தெரியும்.

பள்ளத்தை அடைக்க எதை எடுப்பது? பெயின்ற் அடிக்கப் போகிறீர்களென்றால் பஞ்சிகாவத்தையில் வாங்கும் கார்ப் பட்டி (காரின் நெளிவை அடைக்கும் பசை) போதும். மரத்தின் நிறம் தெரிய வார்னிஷ் என்றால், அதே மரத்தூளை, மரத்தின் துளைகளை அடைக்கும் சீலரில் குழைத்து அப்புங்கள். அப்புறம் 180, 240ஆம் இலக்க சாண்ட்பேப்பரால் தேய்க்க வேண்டும்; இலக்கம் கூடக்கூட தாள் மென்மையாகும். அதன்பின் ஈரத்துணியால் ஒருதரம் துடைத்தால் படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். காய்ந்ததும் 320. இந்த ஈரத்துணி வேலையைத்தான் அநேகமானவர்கள் விட்டுவிடுகிறார்கள். முதல் பூச்சிலேயே சொரசொரப்பு வருவது அதனால்தான்.

மழை நாளில் லக்கர் (தின்னர் ஆவியானதும் காயும் பளபளப்புப் பூச்சு) அடிக்காதீர்கள். ஒரு மே மாதம், அவசரத்துக்கு அடித்தேன். சற்று நேரத்தில் வள்ளம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. வெயில் வரும்வரை காத்திருந்து, தின்னரை மெல்லியதாக விசிறித்தான் மீட்டேன்.

தூசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல வருடம் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் தேய்த்தேன். இரவில் மூக்கைச் சிந்தினால் மஹோகனி நிறத்தில் வரும். மரத்தூள் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. முக்கியமாக மூக்குப் பகுதியில். இப்போது என்-95 முகக்கவசம் இல்லாமல் தேய்ப்பதில்லை. பிளாட்டில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தேய்க்கிறவர்களுக்கு ஒன்று: அந்தத் தூசி முதலில் பிள்ளைகள் படுக்கும் அறைக்குப் போகும், மிச்சம் ஈர வார்னிஷில் வந்து ஒட்டும். நான் தேய்த்து முடித்ததும் மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். பூச்சு மறுநாள்தான்.