சூடு கண்ட கார்

நண்பர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். வார நாளில் வேலைக்குப் போகவும், எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் ஆசை தீர ஓட்டவும் ஒரே வண்டி. முதல் டிராக் நாளன்று பக்கத்து சீட்டில் நான். மூன்று சுற்று அருமையாகப் போனது. நான்காவது சுற்றில், நேர்பாதை முடிந்து வளைவு வரும் இடத்தில் பிரேக்கை மிதித்தார். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. மறுபடி மிதித்தார், இன்னும் கீழே போனது. கியரைக் குறைத்து, தடத்தை விட்டு விலகி, மணலில் புதைந்து நின்றோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே பெடல் கல் மாதிரி நிற்கிறது! பேட் தேயவில்லை, எங்கேயும் ஒழுகவில்லை.

நடந்தது இதுதான். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது ஏறத்தாழ 15 லட்சம் ஜூல் இயக்க ஆற்றலைக் கைவிட வேண்டும். ஐந்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான ஆற்றல் அது. காற்றும் டயரும் அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக் தலையில். நன்றாக அழுத்திப் பிடித்தால் இந்த வேலை மூன்றரை வினாடியில் முடிந்துவிடும். கணக்குப் போட்டால், 200 குதிரைத்திறன் காரின் பிரேக் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 600 குதிரைத்திறனுக்கு வேலை பார்க்கிறது. அதே கார் சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து சிக்னலில் நிற்கும்போது உருவாகும் சூடு இதில் ஒன்பதில் ஒரு பங்குதான். சிக்னலில் ஆறுவதற்கு நேரமும் கிடைக்கிறது. டிராக்கில் அரை நிமிடத்தில் அடுத்த வளைவு வந்துவிடும்.

இந்தச் சூடு சக்கரத்தோடு சுழலும் டிஸ்க், அதை உரசிப் பிடிக்கும் பேட், பேட்டை அழுத்தும் காலிப்பர் என்று ஏறி, கடைசியில் பிரேக் ஆயிலைத் தொடுகிறது. பெயர்தான் ஆயில், உண்மையில் அது கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணம். டாட் 4 என்ற தரத்திலுள்ள புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஆனால் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், 155 டிகிரியைத் தாங்கினாலே போதும் என்று அதே விதி சொல்கிறது. நண்பரின் வண்டியில் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. அது கொதித்து ஆவிக்குமிழ் கட்டியது. திரவத்தை அமுக்க முடியாது, குமிழை அமுக்கலாம். காலால் கொடுத்த அழுத்தம் முழுக்க குமிழைச் சுருக்குவதிலேயே போய்விட்டது. ஆறியதும் குமிழ் மறைந்தது, பெடல் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து, பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க யோசனை கேட்டு யார் வந்தாலும் நான் குதிரைத்திறனைப் பற்றி முதலில் பேசுவதில்லை. இந்த வண்டி எவ்வளவு சூட்டை உண்டாக்கும், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டும், இதுவரை பட்ட சூடு எங்கே தழும்பாக நிற்கிறது? என் கேள்விகள் இவைதான்.

எடையிலிருந்து ஆரம்பிப்போம். இயக்க ஆற்றல் எடைக்கு நேர் விகிதம் என்பதால் 400 கிலோ குறைந்தால் பிரேக் சூடும் அந்த அளவுக்குக் குறையும். அதைவிடச் சுவையான விஷயம் டயரில் இருக்கிறது. டயர் மேல் இரண்டு மடங்கு பாரம் ஏற்றினால் பிடிமானம் இரண்டு மடங்காகாது, கொஞ்சம் குறைவாகவே கூடும். இப்போது டொயோட்டா 86 என்ற ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கை வாட்டில் பிஸ்டன்கள் ஓடும் இன்ஜின் என்பதால் எடை மையம் தரையிலிருந்து சுமார் 46 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் 1 ஜி அளவுக்கு, அதாவது பக்கவாட்டு விசை வண்டியின் எடைக்குச் சமமாகும் அளவுக்கு வளைந்தால் ஏறத்தாழ 370 கிலோ பாரம் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு இடம் மாறுகிறது. உள்பக்க டயர்கள் இழந்த பிடிமானம் அதிகம், வெளிப்பக்கம் பெற்றது குறைவு. கனமான, உயரமான வண்டியில் இந்த நஷ்டம் இன்னும் பெரிது. இதை ஈடுகட்ட அகலமான டயர், பெரிய பிரேக் என்று போட்டால் அவையும் எடையைக் கூட்டும், தேயத் தேய செலவையும் கூட்டும்.

1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, 115 குதிரைத்திறன் அளவே கொண்டிருந்தும், டிராக் பிரியர்களிடம் இன்றும் செல்லப்பிள்ளையாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஒரு டன்னுக்குள் அடங்கும் எடை, பின்சக்கர இயக்கம், அவ்வளவுதான். நேர்பாதையில் குடும்பக் கார்கூட அதை முந்தும், அதனால் என்ன? 2012-இல் வந்த 86-க்கு டொயோட்டா கொடுத்ததும் பிரியஸில் பயன்பட்ட வகை டயர்தான். கஞ்சத்தனம் என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகவே படுகிறது. குறைந்த வேகத்திலேயே டயர் வழுக்கத் தொடங்கினால், பிழை செய்து பழகும் செலவும் ஆபத்தும் குறைவு.

இன்ஜினுக்கு வருவோம். டிராக்கில் இன்ஜின் சாவதற்கு ஒரு முக்கியக் காரணம் ஆயில் பட்டினி. 1 ஜி அளவில் ஒரு நீண்ட வளைவைச் சுற்றும்போது, இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் கிடக்கும் ஆயில் 45 டிகிரி சாய்ந்து ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்கும். உறிஞ்சு குழாயின் வாய் வெறும் காற்றில் தொங்கும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய ஆயில் படலம். 7,000 ஆர்பிஎம்மில் அந்தத் தண்டு வினாடிக்கு நூறு முறைக்கு மேல் சுழல்கிறது. இரண்டு வினாடி ஆயில் நின்றால் உலோகத்தோடு உலோகம் இருநூறு சுற்றுக்கு மேல் உரசிவிடும். அதனால்தான் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு போடுகிறார்கள். ரேஸ் கார்களில் ஆயிலைத் தனித் தொட்டிக்கே கொண்டுபோய்விடுகிறார்கள். வாங்கப்போகும் மாடலுக்கு இந்தப் பலவீனம் உண்டா என்று விசாரியுங்கள். உண்டு என்றால், முந்தைய உரிமையாளர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ வண்டி என்றால் சூடு இன்னொரு வழியிலும் விளையாடும். உள்ளே போகும் காற்று சூடாகச் சூடாக, இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிடும். ஐந்தாவது சுற்றில் வண்டி சோர்வாகத் தெரிந்தால் பிழை உங்கள் காலில் இல்லை.

இன்னொரு கொலைகாரன் கியர் லீவர். மூன்றாவது கியரில் 7,000 ஆர்பிஎம்மில் போகிறீர்கள். நான்காவதுக்கு இழுக்கும்போது அவசரத்தில் கை கொஞ்சம் இடப்பக்கம் நழுவி இரண்டாவதில் விழுந்துவிட்டது. கிளட்சை விட்டதும் சக்கரங்களே இன்ஜினைப் பிடித்துச் சுற்றும், 10,000 ஆர்பிஎம் சாதாரணமாகத் தாண்டும். இன்ஜின் எல்லை மீறிச் சுழலாமல் தடுக்க லிமிட்டர் இருக்கிறதே என்பீர்கள். அது பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரத்தை அல்ல. அந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங்குகள் வால்வை நேரத்துக்கு மூட முடியாமல் திணறும், பிஸ்டன் மேலே வந்து முட்டும். எல்லா வண்டியும் அங்கேயே சாகாது. சில வண்டிகள் உள்காயத்தோடு ஓடி, விற்பனைக்கு வரும். போர்ஷே கார்களில் இன்ஜின் கம்ப்யூட்டர் இப்படி எல்லை மீறிய கணக்கை, எத்தனையாவது ஓட்ட மணியில் நடந்தது என்பதோடு சேர்த்துக் குறித்து வைக்கிறது. கருவியை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்படும்.

மாடலுக்கு மாடல் பிறவிக் குறைகளும் உண்டு. 2009-க்கு முந்தைய பல போர்ஷே பாக்ஸ்டர், 911 இன்ஜின்களில் கிராங்கிலிருந்து வால்வுகளை இயக்கும் பகுதிக்குச் சுழற்சியைக் கடத்தும் இடைத்தண்டின் பேரிங் உடைந்து மொத்த இன்ஜினும் போகலாம். பிஎம்டபிள்யூ இ46 எம்3-இல் பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம் மாட்டும் இடத்தில் தரைத் தகடு விரிசல் விடும், வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தால்தான் தெரியும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இல் பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி ஓடும் ரோட்டரி இன்ஜினின் முனை சீல்கள் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க சாதாரண கம்ப்ரஷன் மீட்டர் போதாது, அதற்கென்றே தனிக் கருவி வேண்டும். கருவி இல்லாத மெக்கானிக் 'நல்லா இருக்கு' என்றால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சரி, வண்டி முன்னால் நிற்கிறது. முதலில் டயர். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் ஆழம் எவ்வளவு இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் பிடிமானம் இழந்திருக்கும். தேய்மானத்தையும் படியுங்கள். முன்டயரின் வெளித்தோள் மட்டும் மழுங்கியிருந்தால், சக்கரச் சாய்வை மாற்றாமலே வளைவுகளில் கடுமையாக ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளோரம் மட்டும் தேய்ந்திருந்தால், டிராக்குக்காகச் சக்கரங்களை உள்பக்கம் சாய்த்துவிட்டுச் சாலையில் ஓட்டியிருக்கலாம். டிஸ்க்கில் நீலம் பூத்திருக்கிறதா, மயிரிழை விரிசல்கள் இருக்கின்றனவா, காலிப்பரின் ரப்பர் உறை பொரிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இந்தத் தழும்புகள் இருப்பதால் மட்டும் வண்டியை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 'ஆமாம், டிராக்கில் ஓட்டினேன்' என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் பிரேக் ஆயிலும் இன்ஜின் ஆயிலும் மாற்றிய பில்லை எடுத்து நீட்டுகிறவரிடம் நான் தைரியமாக வாங்குவேன். பயப்பட வேண்டியது மற்றவரிடம். வண்டி பளபளவென்று இருக்கும், 'டிராக் பக்கமே போனதில்லை சார், வீட்டம்மா ஓட்டினது' என்பார். பின்சக்கர வளைவுக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சூட்டில் உருகித் தெறித்து, உள்சுவரில் ஒட்டிக் காய்ந்துபோன ரப்பர் உருண்டைகள் விரலில் தட்டுப்படும். வாட்டர் வாஷ் போட்டவர் அங்கே எட்டிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.