கமக்காரர் கேட்கும் கேள்வியும் காற்றிலுள்ள காபனும்

விவசாயப் போதனாசிரியராக யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் பணியாற்றும் எனக்கு, கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் காலநிலை மாற்றம் என்ற பேச்சை எடுத்தவுடன் மூத்தவர் ஒருவரிடமிருந்து பெரும்பாலும் வரும் கேள்வி இது: "தம்பி, அறுபத்து நாலிலையும் புயல் அடிச்சதுதானே, அப்ப இவ்வளவு வாகனமும் மெசினும் இருந்ததே?" இதை அறியாமை என்று ஒதுக்குவது பெருந்தவறு. 1964 டிசெம்பர்ப் புயலைக் கண்டவர், இயற்கையின் சீற்றம் எக்காலத்திலும் உண்டு என்று சொல்வது உண்மையே. மனிதரின் தலையீடு எதுவுமின்றியே பனிக்கட்டி யுகங்கள் வந்து போயின. பூமியின் சுற்றுப்பாதையில் மெதுவாக நிகழும் மாற்றங்களே அவற்றைத் தூண்டின என்று நிறுவியதும் இதே விஞ்ஞானந்தான்.

ஆனால் இன்றைய வெப்பமடைதலுக்கு மனிதரே காரணம் என்ற முடிவு எந்த ஒரு புயலிலிருந்தும் பெறப்பட்டதன்று. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுவான காபனீரொட்சைட்டு, கைத்தொழில் வளர்ச்சிக்கு முன்னர் வளியில் மில்லியனில் ஏறத்தாழ 280 பங்காக இருந்து, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. அந்த மிகை எங்கிருந்து வந்தது என்பதைக் காபனே காட்டிக்கொடுக்கிறது. பாரத்தில் வேறுபடும் காபன் அணுக்களில் தாவரங்கள் பாரங்குறைந்த காபன் 12ஐயே கூடுதலாக உள்ளெடுப்பதால், அவற்றிலிருந்து உருவான நிலக்கரியிலும் எண்ணெயிலும் காபன் 13 குறைவு. பல மில்லியன் ஆண்டுகள் மண்ணுள் புதைந்திருந்தமையால், காலப்போக்கில் தானாகச் சிதையும் காபன் 14 அறவே எஞ்சியிருப்பதில்லை. சுவட்டு எரிபொருளை எரித்தால் வளியில் காபன் 13, காபன் 14 ஆகிய இவ்விரு சமதானிகளின் (காபன் அணு வகைகளின்) விகிதமும் குறைய வேண்டும். குறைந்துதான் வருகிறது. எரிமலைகளே காரணமென்றால் காபன் 13 இவ்வாறு குறைந்திராது. சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் அடிப்படையான மாறன் மண்டலத்தோடு அதற்கு மேலுள்ள படை மண்டலமும் சூடேறியிருக்கும். அளவீடுகளோ கீழே வெப்பம் கூட மேலே குளிர்ந்துவருவதையே காட்டுகின்றன.

மக்களின் ஐயம் வலுப்பதற்கு, எல்லாக் கேட்டையும் காலநிலையின் தலையில் கட்டிவிடும் மேடைப் பேச்சுகளும் காரணம் என்பது என் உறுதியான கருத்து. கரையோர ஊர்களிலும் தீவகத்திலும் கிணறுகள் உவராவதை எடுத்துக்கொள்வோம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில், மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, பாரங்கூடிய உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே மேல்மட்டம் ஓரடி இறங்கும்போது அடியிலிருந்து உவர் பன்மடங்கு மேலேறக்கூடும். துலா இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு அவகாசம் இருந்தது, மெசின் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. அளவுமீறிய இறைப்பால் உவரான கிணற்றைக் காட்டி, "காலநிலை மாற்றம்" என்று மட்டும் சொல்லும் அலுவலரைத் தோட்டக்காரர் நம்பமாட்டார், நம்பவும் தேவையில்லை. உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பதும், அது தொடர்ந்தால் இதே நன்னீர் மேலும் ஒடுங்கும் என்பதும் தனியாகச் சொல்லப்பட வேண்டியவை.

இப்படிப் பிரித்து விளக்கிய கூட்டங்களில் அடுத்த கேள்வி வேறுவிதமாக வருகிறது: "காற்றிலை இருக்கிறதை எப்பிடி அளக்கிறவை?" ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் விஞ்ஞானி சார்ள்ஸ் கீலிங் தொடங்கிய காபனீரொட்சைட்டு அளவீட்டையும், அன்று 315 பங்களவில் இருந்த கோடு மரங்கள் துளிர்க்கையில் சற்றுத் தாழ்ந்தும் இலையுதிர்கையில் உயர்ந்தும் ஆண்டுக்காண்டு மேலேறி வருவதையும் வரைபாகவே கொண்டுபோய் அவர்களிடம் காட்டுகிறேன்.