ஃபில்லருக்குச் சிக்காத கோபிபாடு

நயினார்குளத்துத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து, பைட்டர் மீன் குஞ்சுகளுக்கு இரையாகக் கோபிபாடு (copepod) என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரை வளர்க்கிறார் திருநெல்வேலி டவுன் வாசகர் ஒருவர். இங்க் ஃபில்லரால் உறிஞ்சினால் தூசி தும்பெல்லாம் வருகிறதாம், இவை மட்டும் துள்ளி விலகிவிடுகின்றனவாம். பார்த்துவிட்டுத்தான் ஓடுகின்றனவா என்று கேட்டிருக்கிறார்.

பார்த்து அல்ல. இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த இந்த ஒரு மில்லிமீட்டர் உயிருக்கு நெற்றியில் இருப்பது ஒரே கண். வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதைத்தான் அது சொல்லும். விஷயம் உணர்கொம்பில் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: இரண்டு கொம்புகளிலும் நெடுக மெல்லிய முடிகள். தண்ணீர் மொத்தமும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் கோபிபாடும் அதோடு போய்விடும், முடி வளையாது. மீன் வாயைத் திறந்து உறிஞ்சும்போது அப்படியில்லை. வாய்க்கு அருகில் நீர் வேகமாக ஓடும், சற்றுத் தள்ளி மெதுவாக. உடம்பு ஒரு வேகத்தில் போக, கொம்பு நுனியைச் சுற்றியுள்ள நீர் வேறு வேகத்தில் போகிறது. முடி வளைகிறது, நரம்பு துடிக்கிறது. ஃபில்லரின் சின்ன வாயும் அதற்கு மீன்வாய்தான்!

சில மில்லிவிநாடிகளில் துள்ளல் தொடங்கிவிடும். நாம் ஒருமுறை கண் சிமிட்டவே நூறு மில்லிவிநாடி ஆகும். கடலில் வாழும் சில இனங்களில், சேதி விரைந்து போக, மின்கம்பிக்கு ரப்பர் போல நரம்புக்கு மயலின் உறைகூட உண்டு. அப்புறம் அந்தக் கால்கள்! ஒவ்வொரு ஜோடியிலும் இடமும் வலமும் ஒரு தகட்டால் இணைந்திருப்பதால் சேர்ந்தே அடிக்கும். கடைசி ஜோடி முதலில், பிறகு அதற்கு முந்தையது என்று வரிசையாகப் பின்னோக்கித் தள்ளும். திரும்பும்போது எல்லாம் ஒன்றாக மடங்கி வரும். சில இனங்கள் விநாடிக்குத் தம் நீளத்தைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு வேகத்தைத் தொடுகின்றன.

வால்பக்கம் இரண்டு முட்டைப் பைகளைச் சுமந்துகொண்டு தத்தித் தத்திப் போவது சைக்ளோப்ஸ் என்ற கோபிபாடு வகை. அதன் நெருங்கிய உறவான மீசோசைக்ளோப்ஸ், டெங்கு பரப்பும் கொசுவின் இளம்புழுக்களைத் தின்னும். வியட்நாமில் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டே கொசுவைக் குறைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் புகை அடிக்கும் செலவில் ஒரு பங்கை நம் ஊர்க் குளத்து இனங்களை ஆராய ஒதுக்கினால் என்ன? கல்லூரிகளில் இதற்கு ஆர்வம் உண்டு, பணம்தான் வருவதில்லை. "தண்ணியில பூச்சி" என்று கண்டதும் மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். குடிக்கிற தண்ணீர் என்றால் துணியில் வடிகட்டினாலே இவை நின்றுவிடும்.

சரி, வாசகருக்கு வழி இதுதான்: ஃபில்லரை விட்டுவிட்டு வாயகன்ற டம்ளரால் மெதுவாக மொள்ளுங்கள். அகன்ற வாயில் நீரின் வேகம் சட்டென்று மாறாது, முடிகளுக்குச் சேதி போகாது.