தண்ணீர் தள்ளும் சுவர், குரல் ஏறும் படி

ஏலகிரியில் என் மாமாவுக்குச் சரிவாக ஒன்றரை ஏக்கர் நிலம். பலா, கொய்யா, மரத்தில் ஏற்றிய மிளகு. நிலத்தை மூன்று தட்டாக வெட்டி, தட்டுக்குத் தட்டு கருங்கல் சுவர் எழுப்பியிருந்தார். ஒரு ஐப்பசி மழையில் நடுத்தட்டுச் சுவர் வயிறு தள்ளிவிட்டது. மறுநாள் மேஸ்திரி வந்தார். சுவரைத் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவரோ மேல் தட்டுக்குப் போய் மண்ணுக்குள் கையை விட்டார். முழங்கை வரை சேறு.

“மண்ணு தள்ளலீங்க, தண்ணி தள்ளுது. ஓட்டைய எல்லாம் இன்னாத்துக்குப் பூசி வெச்சீங்க?”

“பாம்பு வருதுன்னு நான்தாம்பா அடைக்கச் சொன்னேன்” என்றார் மாமா.

மேஸ்திரி சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவரின் உயரம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் இருப்பது வெறும் காய்ந்த மண் என்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது ஏறக்குறைய 1.1 டன் விசையோடு தள்ளும். மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பக்கவாட்டில் காட்டும். தண்ணீருக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. எடை முழுவதையும் எல்லாப் பக்கமும் காட்டும். அதே சுவருக்குப் பின்னால் நீர் உச்சி வரை தேங்கினால், தண்ணீர் மட்டும் தனியாக 2 டன். மூழ்கிய மண்ணின் பங்கையும் சேர்த்தால் 2.7 டன்னை நெருங்கிவிடும். காய்ந்த நாளில் இருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். கல் கனமானதுதான், ஆனால் பாரம் ஒரே ராத்திரியில் இரட்டித்தால் அதுவும் என்ன செய்யும்?

அடுக்குத் தோட்டம் என்றாலே நமக்குக் கண்ணில் படுவது படிப்படியாக இறங்கும் பச்சை. அதைக் கட்டுகிறவனுக்குப் படுவது தண்ணீர் மட்டுமே. சரிவில் விழும் மழை ஓட ஓட வேகம் எடுக்கும். வேகம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும், மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். சரிவைத் துண்டுதுண்டாக வெட்டி மட்டமாக்கினால் தண்ணீர் ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கி, மண்ணுக்குள் இறங்க நேரம் கிடைக்கும். செடிக்கு அது நல்லது, சுவருக்கு அதுவே கெட்டது. இறங்கிய நீர் எங்காவது வெளியே வந்தாக வேண்டுமே! அதற்காகத்தான் சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி கொட்டுகிறார்கள். சுவரின் அடியில் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்த குழாய்த் துண்டுகளைப் பதிக்கிறார்கள். சாந்து வைக்காமல் அடுக்கிய பழைய கல் சுவர்களுக்குக் குழாய் தேவைப்படுவதில்லை. சந்தெல்லாம் வழிதான். அழகுக்காக அந்தச் சந்தில் சிமெண்ட் பூசுவதைப் போல ஒரு சுவருக்குச் செய்யும் கெடுதல் வேறில்லை.

மேஸ்திரியின் தூக்குக்குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இத்தாலியில் பார்த்த, இதே போலப் படியாக வெட்டிய ஒரு சரிவு எனக்கு ஞாபகம் வந்தது. ராணிப்பேட்டையில் தோல் வேலையில் இருப்பவர்களுக்கு இத்தாலி பக்கத்து ஊர் மாதிரி. அப்படி ஒருமுறை போனபோது ஃபிளாரன்ஸில் அரை நாள் ஒழிந்தது. பித்தி அரண்மனைக்குப் பின்னால் மலைச்சரிவில் ஏறும் போபொலி தோட்டத்துக்குள் போனேன். 1549இல், ஃபிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்து எலியனோரா அரண்மனையை வாங்கினார். தோட்டத்துக்குத் திட்டம் வகுத்தவர் திரிபோலோ என்ற கலைஞர். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார், வேறு கைகள் தொடர்ந்தன. அரண்மனையின் முதுகுக்கு நேர் எதிரே குதிரை லாடம் போல வளைந்த ஒரு அரங்கம். மூன்று பக்கமும் கல் படிகள், நடுவில் எகிப்திலிருந்து வந்த ஒற்றைக்கல் தூண். அந்த வளைவை யாரும் அரங்கத்துக்கென்று தோண்டவில்லை. அரண்மனைக்குக் கல் எடுத்த குழி அது. நம் பக்கத்தில் கல்லெடுத்த குழி என்றால் பச்சைத் தண்ணீர் தேங்கி, ‘குளிக்காதே’ என்று ஒரு பலகை நிற்கும். அவர்கள் அந்தக் குழியில் உட்கார்ந்து கூத்துப் பார்த்தார்கள்.

குழிக்குள் உட்கார்ந்தால் ஏன் நன்றாகக் கேட்கிறது? சமதரையில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஓசையின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. ஓசையை அளக்கும் டெசிபெல் கணக்கில் 6 குறைகிறது. இது தவிர்க்க முடியாத இழப்பு. இதற்குமேல் இன்னொரு இழப்பும் உண்டு. கூட்டம் சமதரையில் உட்கார்ந்தால் பேச்சு பல தலைகளை உரசிக்கொண்டே பின்வரிசைக்கு வர வேண்டும். தலைமுடி, துண்டு, புடவை எல்லாமே ஓசையை உறிஞ்சும். வரிசைகளைப் படியாக உயர்த்தினால் ஒவ்வொரு காதுக்கும் பேசுகிறவரின் வாய்க்கும் இடையே நேர்க்கோடு கிடைக்கும். கண்ணுக்கு மறைக்காத இடம் பெரும்பாலும் காதுக்கும் மறைக்காது. நடுவில் உள்ள கெட்டியான தரையும் உதவுகிறது. அதில் பட்டுத் தெறிக்கும் ஓசை, நேராக வந்த ஓசைக்குச் சில மில்லிநொடிகள் (ஒரு நொடியை ஆயிரமாக்கினால் அதில் சில பங்கு) பின்னால் வந்து சேரும். பேச்சில் ஏறக்குறைய 50 மில்லிநொடிக்குள் வருவதை நம் காது எதிரொலியாகப் பிரிக்காது. முதல் ஓசையோடு சேர்த்து, அதைச் சற்றுக் கனமாக்கிக் கேட்கும்.

கிரேக்கத்தின் எபிதாவ்ரஸ் அரங்கத்தைக் கட்டத் தொடங்கி ஏறக்குறைய 2300 ஆண்டுகள் ஆகின்றன. இன்று அதில் 55 வரிசைக் கல் இருக்கைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கழகத்தைச் சேர்ந்த டெக்ளர்க்கும் டெகைசரும் 2007இல் அதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வரிசையான படிகள் ஒரு சல்லடை போல வேலை செய்கின்றன. 500 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 500 அதிர்வுக்கு, கீழே உள்ள கனத்த ஓசைகளை மட்டுப்படுத்தி, மேலே உள்ளவற்றைத் திருப்பி அனுப்புகின்றன. காற்றின் இரைச்சலும் கூட்டத்தின் முணுமுணுப்பும் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் இருப்பதால் அடங்குகின்றன. மனிதக் குரலின் அடித்தளமும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் மேல் அதிர்வுகள் கிடைத்தால் விடுபட்ட அடிச் சுருதியை மூளையே நிரப்பிக்கொள்ளும். சின்ன ஸ்பீக்கர் உள்ள மொபைலில் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்பதும் இதனால்தான். ‘நடுவில் காசு விழுந்தால் கடைசி வரிசையில் கேட்கும்’ என்று அங்கே வழிகாட்டிகள் சொல்வார்கள். 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார் கருவி வைத்து அளந்தார்கள். கடைசி வரிசையில் அந்தச் சத்தம் காசுடையது என்று அடையாளம் தெரிவதில்லை. நடிகர் குரலெடுத்துப் பேசினால்தான் அங்கே தெளிவாகப் போய்ச் சேர்கிறது.

குரலெடுப்பது என்றதும் நம் வட ஆற்காட்டுக் கூத்து நினைவுக்கு வராமல் இருக்குமா? புரிசையிலோ செய்யாறு பக்கத்து வேறு ஊரிலோ திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். சமதரை, படி கிடையாது. கட்டியங்காரன் முதல் துரியோதனன் வரை உச்ச சுருதியில் பாடுவார்கள், முகவீணை அதற்கும் மேலே கத்தும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை. அந்த இடத்தைத் தொடுகிற குரலே கூட்டத்தின் கடைசிக்குப் போகும். இரவு நேரமும் கைகொடுக்கிறது. காற்று சூடானால் ஓசை வேகமாக ஓடும். வேலூர் வெயிலில் மத்தியானத் தரை கொதிக்கும்போது, தரையை ஒட்டிய ஓசை முந்திக்கொள்ள, அலை முழுவதும் வானத்தை நோக்கி வளைந்துவிடுகிறது. இரவில் தரை குளிர்ந்ததும் இது தலைகீழாகிறது. மேலே போன ஓசை கீழ்நோக்கி வளைந்து வருகிறது. அடுத்த ஊர் மைக்செட் பாட்டு பகலில் கேட்காமல் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுப்பதற்கு ஊர் அடங்கிக்கிடப்பது மட்டும் காரணமில்லை.

படிகள் ஓசையை என்ன செய்கின்றன என்று பார்க்க கிரேக்கத்துக்கோ இத்தாலிக்கோ போக வேண்டாம். கோடையில் கோயில் குளம் வற்றியதும் தரையில் இறங்கி, நீளமான படிக்கட்டுக்கு நேர் எதிரே, ஒரு முப்பது நாற்பது அடி தள்ளி நின்று, ஒருமுறை கை தட்டுங்கள். திரும்பி வருவது கைதட்டலாக இருக்காது. கீச்சென்று மேலே தொடங்கி இறங்கும் ஒரு சின்ன ஓசையாக இருக்கும். ஒவ்வொரு படியும் ஓசையில் ஒரு துணுக்கைத் திருப்பி அனுப்புகிறது. படியின் அகலம் 30 சென்டிமீட்டர் என்றால் அடுத்த படிக்குப் போய்த் திரும்ப 60 சென்டிமீட்டர் அதிகம். 35 டிகிரி வெயிலில் ஓசை நொடிக்கு 352 மீட்டர் போகும். ஆக, துணுக்குகள் நொடிக்கு ஏறத்தாழ 590 என்ற கணக்கில் வரிசையாக வருகின்றன. அவ்வளவு சீராக வரும் துடிப்புகளைக் காது ஒரு சுருதியாகக் கேட்கிறது. மேல் படிகளுக்குப் போகப் போக ஓசை சாய்வாக ஏற வேண்டியிருப்பதால் இடைவெளி கூடி, சுருதி 500 பக்கம் இறங்கிவிடுகிறது. மெக்சிகோவின் சிச்சென் இட்சாவில் உள்ள குகுல்கான் பிரமிடின் படிகளுக்கு எதிரே கை தட்டினால் கெட்சால் பறவை கூவுவது போல இருக்கிறது என்று உலகமே போய்க் கேட்டுவிட்டு வருகிறது. எங்கள் ஊர்க் குளத்தில் நாங்கள் அதைத் தவளை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாமாவின் சுவரை மேஸ்திரி பத்து நாளில் பிரித்துக் கட்டினார். இந்த முறை சுவர் மலைப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. ஆறடிக்கு ஒரு குழாய், பின்னால் ஜல்லி. கார்த்திகையில் மறுபடி மழை அடித்துக் கொட்டியது. மழை விட்டு மூன்று நாள் ஆன பிறகும் குழாய்களிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. நான் போனபோது மாமா குனிந்து ஒவ்வொரு குழாயின் வாயிலும் கம்பி வலை கட்டிக்கொண்டிருந்தார், பாம்புக்காக.