காலேஜா, பிராஞ்சா? சாய்ஸ் லிஸ்ட்டைக் கணினி எப்படிப் படிக்கிறது

குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நாட்களில்தான் பொறியியல் கலந்தாய்வும் வருகிறது. தென்காசி, செங்கோட்டையில் தொடங்கி, புளியரை சோதனைச்சாவடி தாண்டி ஆரியங்காவு, புனலூர் வரைக்கும், பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற தமிழ் வீடுகளில் அப்போது ஒரே வாக்குவாதம். "பேரைச் சொன்னா நாலு பேருக்குத் தெரியுற காலேஜா பாரு தாயி, பிராஞ்ச் எதுன்னாலும் படிச்சுக்கிடலாம்" என்பார் அப்பா. "எனக்கு எலக்ட்ரானிக்ஸ்தாம்பா வேணும், காலேஜ் எங்க இருந்தா என்ன" என்பாள் மகள். சித்தப்பா திருவனந்தபுரத்திலிருந்து ஃபோன் போட்டு மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்.

யார் பக்கம் நியாயம் என்று பார்க்கும் முன்னால், இடம் ஒதுக்குகிற கணினிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். அந்தக் கணினிக்குக் காலேஜ் தனியாகவோ பிராஞ்ச் தனியாகவோ தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஜோடி: கல்லூரிக்கு ஓர் எண், பாடப்பிரிவுக்கு இரண்டெழுத்து. இரண்டும் சேர்ந்தால் ஒரு சாய்ஸ். நூறு சாய்ஸ் எழுதினால், மேலிருந்து கீழாக ஒரு நூறு ஜோடி. ஆகவே 'காலேஜா பிராஞ்சா' என்று மொத்தமாக ஒரு தீர்ப்பு எழுத வேண்டிய தேவையே இல்லை. அடுத்தடுத்து நிற்கிற இரண்டு ஜோடிகளைப் பார்த்து 'இரண்டும் கிடைத்தால் எதில் சேருவேன்?' என்று கேட்டால் போதும். மதுரையில் மெக்கானிக்கலா, நெல்லையில் எலக்ட்ரானிக்ஸா? ஓர் இடத்தில் காலேஜ் ஜெயிக்கும், அதே லிஸ்ட்டில் நாலு வரி கீழே பிராஞ்ச் ஜெயிக்கும். அதில் முரண்பாடு ஒன்றும் கிடையாது.

தமிழ்நாட்டுக் கலந்தாய்வின் கணக்கு எளிமையானது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்கு ஒரு கட்-ஆஃப். இருவர் சமமாக வந்தால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, அதிலும் தீராவிட்டால் ரேண்டம் எண். இப்படி மாநிலம் முழுமைக்கும் ஒரே தரவரிசை உருவாகிறது. 2018-இல் ஆன்லைனுக்கு மாறும் வரை, பிள்ளையும் பெற்றோரும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போவார்கள். மிச்சம் இருக்கிற இடங்கள் திரையில் ஓடும். தன் முறை வந்ததும் ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் நடப்பது அதேதான். நீங்கள் போவதற்குப் பதிலாக, உங்கள் துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு நம்பிக்கையான ஓர் ஆள் அந்த அறைக்குள் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது சீட்டில் மேலிருந்து பார்த்து, மிச்சம் இருக்கிற முதல் ஜோடியை எடுத்துக்கொண்டு வருவார். கணினி செய்வது இவ்வளவே.

மூன்று பேரை வைத்துப் பார்ப்போம். ரேங்க் வரிசையில் முதலில் இசக்கி, அடுத்து செல்வி, கடைசியில் முருகன். மிச்சம் இருப்பது மூன்றே இடம்: பெரிய காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதே காலேஜில் சிவில், பக்கத்து ஊர் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ். செல்வியின் மனதில் உள்ள வரிசை: பெரிய காலேஜ் கம்ப்யூட்டர், பிறகு பக்கத்து ஊர் கம்ப்யூட்டர், கடைசியில் பெரிய காலேஜ் சிவில். ஆனால் பிரவுசிங் சென்டர் அண்ணன் சொல்கிறார்: "போன வருச கட்-ஆஃப் பாத்தியாம்மா? முதல் சாய்ஸை அதுல வீணாக்காத. கிடைக்கிறதை மேல போடு."

செல்வி மனதில் இருந்தபடியே எழுதினால் என்ன ஆகும்? இசக்கி பெரிய காலேஜ் கம்ப்யூட்டரை எடுத்துவிடுகிறான். கணினி செல்வியின் சீட்டில் இரண்டாவது வரிக்கு இறங்குகிறது. பக்கத்து ஊர் கம்ப்யூட்டர் அவளுக்கு. முருகனுக்குச் சிவில். அண்ணன் பேச்சைக் கேட்டுப் பக்கத்து ஊரை மேலே போட்டிருந்தாலும் அவளுக்கு அதேதான் கிடைத்திருக்கும். கிடைக்காத ஒன்றை உச்சியில் எழுதியதால் அவளுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. இப்போது, இசக்கி எம்பிபிஎஸ் கிடைத்துப் போய்விட்டான் என்று வையுங்கள். மனதில் இருந்தபடி எழுதிய செல்விக்குப் பெரிய காலேஜ் கம்ப்யூட்டர் வந்துவிடும். பயந்து எழுதிய செல்வி, தனக்கு வரவேண்டிய இடத்தைத் தன் கையாலேயே முருகனுக்கு விட்டுக்கொடுத்திருப்பாள். இசக்கி என்ன செய்வான் என்பது லிஸ்ட் எழுதும்போது யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே சரியாக நடந்துகொள்ள ஒரே வழி, உண்மையான விருப்ப வரிசையை எழுதுவதுதான்.

'முதல் சாய்ஸ் வீணாகும்' என்ற பயம் ஆதாரமே இல்லாத பயம் என்று சொல்ல மாட்டேன். அப்படி வீணாகிற முறையும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில், ஒரு பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கு முதலில் இடம் கொடுத்து முடித்துவிட்டுத்தான் இரண்டாவதாக எழுதியவர்களைப் பார்த்தார்கள். அங்கே உச்சியில் ஆசைப்பட்டதை எழுதித் தோற்றால், இரண்டாவது விருப்பமும் அதற்குள் நிரம்பிவிடும். விவரம் தெரிந்த பெற்றோர் கணக்குப் போட்டு எழுதினார்கள்; தெரியாத வீட்டுப் பிள்ளைகள் அடிபட்டார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டிய பிறகு, 2005-இல் பாஸ்டன் அந்த முறையைக் கைவிட்டது. நம் கலந்தாய்வில் அந்த விதி கிடையாது. உங்கள் இருபதாவது சாய்ஸையே ஒருவர் முதல் சாய்ஸாக எழுதியிருந்தாலும், உங்கள் ரேங்க் மேலே என்றால் அந்த இடம் உங்களுக்குத்தான்.

ஒரே தரவரிசை இல்லாதபோது கணக்கு கொஞ்சம் கூடுகிறது. மத்திய அரசுக் கல்லூரிகளான ஐஐடிகளுக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு ரேங்க், என்ஐடிகளுக்கு ஜேஇஇ மெயின் தேர்வு ரேங்க். போதாததற்கு என்ஐடிகளில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு. இதில் எல்லைப்பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது: எந்த மாநிலத்தவர் என்பதை முடிவு செய்வது வீட்டு முகவரி கிடையாது, பிளஸ் டூ தேறிய மாநிலம். செங்கோட்டையில் வீடு இருந்தாலும் புனலூரில் பிளஸ் டூ படித்த பிள்ளைக்குக் கோழிக்கோடு என்ஐடிதான் சொந்த மாநிலம்; திருச்சியில் அந்தப் பிள்ளை வெளிமாநிலத்தவர். இப்படி இடத்துக்கு இடம் வரிசை மாறும்போது எப்படி ஒதுக்குவது?

1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு கணித மேதைகள் ஒரு சிறிய கட்டுரையில் இதற்கு வழி சொன்னார்கள். ஒவ்வொரு மாணவரும் தன் முதல் விருப்பத்தின் கதவைத் தட்டுகிறார். ஒவ்வொரு இடமும் தன்னைக் கேட்டவர்களில் தன் வரிசைப்படி மேலே இருப்பவரைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறது. பிடித்துவைப்பது தற்காலிகமாக மட்டுமே. திரும்பி வந்தவர் அடுத்த விருப்பத்தைக் கேட்கிறார். அங்கே ஏற்கெனவே இருப்பவரைவிட இவர் ரேங்க் மேலே என்றால், இருந்தவர் வெளியேறித் தன் லிஸ்ட்டில் அடுத்ததற்குப் போவார். யாரும் நகர வேண்டியதில்லை என்ற நிலை வந்ததும்தான் ஒதுக்கீடு உறுதியாகும். கடைசி நொடி வரை எதுவும் உறுதியாவதில்லை என்பதால், ஒன்றைத் தாமதமாகக் கேட்டதற்காக யாரும் அதை இழப்பதில்லை. இந்த முறையில் பொய்யான வரிசை எழுதி எந்த மாணவரும் லாபம் பார்க்க முடியாது என்பது 1980-களின் தொடக்கத்தில் கணித முறைப்படி நிரூபிக்கப்பட்டது. அப்படி நிரூபித்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்தும் ஷேப்லியும் 2012-இல் பொருளாதார நோபல் பெற்றார்கள். கேல் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.

ஐஐடி, என்ஐடி இடங்களைச் சேர்த்து ஒதுக்கும் ஜோசா 2015-இல் வந்தது. அதில் ஓர் இடம் கிடைத்ததும் மூன்று வழி உண்டு. ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும். ஃப்ளோட் என்றால் லிஸ்ட்டில் மேலே உள்ள எது வந்தாலும் சரி. ஸ்லைடு என்றால் காலேஜ் இதுவே இருக்கட்டும், இங்கேயே மேலே எழுதிய பிராஞ்ச் வந்தால் மட்டும் மாற்று. நம் வீட்டு வாக்குவாதத்தை நேரடியாகக் கேட்கிற பொத்தான் இது. தமிழ்நாட்டில் ஸ்லைடு கிடையாது. 'ஏற்றுக்கொண்டு மேலே எதிர்பார்க்கிறேன்' என்ற வழி இருக்கிறது. கேரளத்தின் நுழைவுத்தேர்வான கீம் வழி நடக்கும் ஒதுக்கீட்டில் அதையே ஹையர் ஆப்ஷன் என்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே விதி: மேலே உள்ளது வந்துவிட்டால் கையில் இருந்தது போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. லிஸ்ட்டில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சித்தப்பா சொன்னார் என்பதற்காகச் சேர விருப்பமில்லாத ஒன்றை மேலே எழுதிவைத்தால், மூன்றாவது சுற்றில் அது வந்து, பிடித்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும்.

சரி, வரிசையை உண்மையாக எழுதலாம். எது உண்மையில் நல்லது என்று எப்படித் தெரியும்? இதற்கும் அதே கணினி ஒதுக்கீடு ஒரு வழி திறந்துவிட்டது. நார்வேயிலும் மாணவர்கள் காலேஜும் பாடமும் சேர்ந்த ஜோடிகளாகத்தான் லிஸ்ட் எழுதுகிறார்கள். ஒரு ஜோடியின் கட்-ஆஃப் கோட்டுக்கு, அதாவது அங்கே கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணுக்கு, மயிரிழை மேலே இருந்தவருக்கு அது கிடைக்கும். மயிரிழை கீழே இருந்தவருக்கு அடுத்த சாய்ஸ். இந்த இருவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்க முடியாது. ஆகவே பல ஆண்டு கழித்து இருவரின் சம்பளத்தையும் ஒப்பிட்டால், வித்தியாசம் அந்த இடத்தால் வந்தது என்று நம்பிச் சொல்லலாம். 2016-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: எந்தப் பாடம் என்பது சம்பளத்தைப் பெரிய அளவில் மாற்றியது; எந்தக் காலேஜ் என்பதன் தாக்கம் அதோடு ஒப்பிட்டால் சிறியது. தாங்கள் விரும்பிய துறை கிடைத்தவர்கள் அந்தத் துறையில் ஒப்பீட்டளவில் நன்றாகச் சம்பாதிக்கிறவர்களாகவும் இருந்தார்கள். பிள்ளையின் ஆசையில் அதன் திறமை பற்றிய தகவலும் கலந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் நார்வே கணக்கை அப்படியே தென்காசிக்குக் கொண்டுவரக் கூடாது. அங்கே காலேஜுக்குக் காலேஜ் தர வித்தியாசம் குறைவு. இங்கே ஒரு காலேஜில் லேப் திறந்தே இருக்கும், இன்னொன்றில் ஆசிரியர் இடங்கள் பாதி காலியாகக் கிடக்கும். அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் 2002-இல் வெளியிட்ட ஆய்வும் பெரும்பாலான மாணவர்களுக்குப் பேர்பெற்ற காலேஜால் தனியாகச் சம்பளம் கூடவில்லை என்றுதான் சொன்னது. அதில் ஒரு விதிவிலக்கு இருந்தது: வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காலேஜ் உதவியது. வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லாத பிள்ளைக்கு, வழிகாட்ட ஆள் கிடைக்கிற இடம் காலேஜ்தான் என்பது என் புரிதல். ஆகவே என் கருத்து இது: இரண்டு காலேஜும் ஆசிரியரும் லேப்பும் ஒழுங்காக உள்ளவை என்றால், பேரைப் பார்க்காமல் பிடித்த பிராஞ்சை மேலே எழுதுங்கள். பிராஞ்ச் பேர் மட்டும் கவர்ச்சியாக இருந்து உள்ளே சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத காலேஜ் என்றால், அதை எவ்வளவு பிடித்த பிராஞ்சானாலும் கீழே தள்ளுங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப்போகிற பிள்ளைக்குக் காலேஜின் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். 'முதல் வருசம் முடிஞ்சதும் பிராஞ்ச் மாத்திக்கலாம்' என்று யாராவது சொன்னால், அந்தக் காலேஜின் விதியை எழுத்தில் பார்க்காமல் நம்பாதீர்கள். சில ஐஐடிகளே அந்த வசதியை நிறுத்திவிட்டன.

எல்லை ஊர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2015-க்கு முன்பு ஐஐடியும் என்ஐடியும் தனித்தனியாக ஒதுக்கியபோது, ஒரே மாணவர் இரண்டிலும் இடம் பிடித்துக் கடைசியில் ஒன்றை விட்டுப்போக, நல்ல இடங்கள் காலியாகக் கிடந்தன. சேர்த்து ஒதுக்கியதன் நோக்கமே அதைக் குறைப்பதுதான். ஆனால் தமிழ்நாட்டுக் கணினியும் கேரளத்துக் கணினியும் இன்றும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. குடியாத்தம், சித்தூர் பக்கத்தில் ஆந்திராவின் நுழைவுத்தேர்வான இஏபிசெட் கதையும் அதுதான். இரண்டு பக்கமும் விண்ணப்பிக்கத் தகுதி உள்ள பிள்ளை, இரண்டு லிஸ்ட்டையும் கலந்து ஒரே வரிசையாகத் தானே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கொல்லத்தில் எலக்ட்ரிக்கலும் நெல்லையில் எலக்ட்ரானிக்ஸும் கையில் வந்து நிற்கும்போது, கட்டணம் கட்டக் கடைசித் தேதி நாளை என்றால் நிதானமாக யோசிக்க முடியாது. அந்தத் தாள் முதல் ஒதுக்கீட்டுக்கு முன்பே தயாராக இருக்கட்டும்.

கடைசியாக, தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கான சான்றிதழ் விஷயம். தமிழ்நாட்டில் 8 முதல் 12 வரை படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி (பூர்வீக) சான்றிதழ் தேவையில்லை. ஆரியங்காவிலோ புனலூரிலோ படித்த, தமிழ்நாட்டுப் பூர்வீகம் உள்ள பிள்ளைக்குக் கட்டாயம் தேவை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த பிறகு அது விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று பேர் கையைக் கடந்து வர வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள்; பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு, முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள்.